வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்த ஆபீஸ்

அவளுக்கு வேலை டூட்டி போடுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தன் கையால் ஊசி போட்டுக்கொள்ள முடியாதவர்கள் என்று ஊர் முழுக்க இருக்கும் நோயாளிகளைத் தேடி வீட்டுக்கே நர்ஸுகளை அனுப்பும் ஒரு நிறுவனம். எந்த நர்ஸ், எந்த வீடு, எந்த நேரம், புண்ணுக்குக் கட்டா, ஊசியா என்று கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கி வைக்க வேண்டும். ஒரு கட்டத்தை இழுத்து வேறு இடத்தில் வைத்தால், அந்த நர்ஸின் போனில் உடனே மணி அடிக்கும். அவர் ஸ்கூட்டரைத் திருப்புவார். அதனால் நர்ஸுகள் எல்லோருக்கும் அவள் டூட்டி அக்கா.

அவளுடைய அப்பாவும் ஒரு காலத்தில் டூட்டி போட்டவர்தான். பஸ் டிப்போவில் டிரைவர், கண்டக்டர்களுக்கு முறை பிரித்துக் கொடுத்தவர். அவர் பேனாவை எடுக்காமல் ஒரு பஸ்ஸும் கேட்டைத் தாண்டாது. தெருவில் இன்றைக்கும் அவரைக் கண்ட்ரோலர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா பஸ்ஸை விரட்டினார், மகள் நர்ஸை விரட்டுகிறாள் என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சிரிப்பதற்கு அதைத் தவிர அதிகம் இல்லாத வீடு அது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவும் மகளும்தான். அப்பாவுக்கோ ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் அடுப்பை மறந்தார். ஒருநாள் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, இல்லாத டிப்போவுக்குக் கிளம்பிப் போய், முச்சந்தியில் நின்று போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் லேட்டு, லேட்டு என்று அதட்டியிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்டார். அன்றோடு தெரிந்துபோயிற்று, இவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு பேரும் சாப்பிட முடியாது.

அந்த நேரத்தில்தான் ஆபீஸில் சொன்னார்கள். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் அதிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கலாம், வர வேண்டியதில்லை என்று. கேட்டதும் அவள் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதுவிட்டு வந்தாள்.

ஆபீஸின் கம்ப்யூட்டர்காரத் தம்பி வீட்டுக்கு வந்து எல்லாம் பார்த்துக் கொடுத்தான். கூடத்தின் மூலையில் ஜன்னலோரம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்.

"அக்கா, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபீஸ்லயேதான் இருக்கும். இது சும்மா ஒரு ஜன்னல். இங்கேருந்து கையை நீட்டி அங்க வேலை பார்க்கறீங்க, அவ்வளவுதான்."

"ஜன்னல்னா, வேற யாராவது கையை நீட்டினா?"

"அதான் அக்கா விஷயமே! நீங்க எழுந்திருக்கும்போதெல்லாம் பூட்டிடணும். வேற யாரும் தொடக் கூடாது. அங்க இருக்கறதெல்லாம் நோயாளிங்க சமாசாரம். ஆமா, வீட்ல இதை வேற யார் யூஸ் பண்றாங்க?"

"யாரும் இல்ல தம்பி. நான் மட்டும்தான்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தம்பி, சீட்டாட்டத்தை அழிச்சிடாதீங்க. பாதி ஆட்டத்துல நிறுத்தி வச்சிருக்கேன்."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. பையன் நல்ல பையன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பரவால்ல அக்கா. அவருக்கு ஒரு வாசல், உங்களுக்கு ஒரு வாசல்னு பிரிச்சுத் தரேன். அவர் வாசல்ல போனா சீட்டாட்டம் மட்டும்தான் தெரியும். உங்க வாசலுக்கு ரகசியச் சொல் உண்டு. அது போதாதுன்னு போன்ல ஒரு நம்பரும் வரும். அதையும் போட்டாதான் திறக்கும்."

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் வராது. நம்பர் வர வேண்டுமானால் மாடிப்படியில் பாதி ஏறி நிற்க வேண்டும். பூட்டித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் படிக்கு ஓட்டம். அவள் படியில் நிற்கும் நேரத்தில் அப்பா வாசல் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டால்? இரண்டு தடவை தெருமுனையில் போய்ப் பிடித்து வந்தாள். ஆபீஸ்காரர்கள் திருடனை நினைத்துப் போட்ட பூட்டு, அது சரி. இப்படி ஒரு மனுஷனை வீட்டில் வைத்திருப்பவளை நினைத்து அதை யாரும் போடவில்லை. இது அவளுக்குச் சாதகமாகச் சொல்வது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

கொஞ்ச நாளில் அவள் வேறு வழக்கம் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கும்போது பூட்டுவதில்லை. ஆபீஸ் திரையைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, அதன் மேல் தன் வாசலிலேயே அப்பாவின் சீட்டாட்டத்தை விரித்து வைப்பாள். அப்பா வந்து உட்காருவார். சீட்டை இழுத்து இழுத்து வைப்பார். அவர் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எங்கும் போக மாட்டார் என்ற நிம்மதியில் இவள் சமைப்பாள், துவைப்பாள். அப்பாவைக் காவல் காக்கக் கம்ப்யூட்டரை வைத்தாள். கம்ப்யூட்டரைக் காவல் காக்க யாரையும் வைக்கவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, சீட்டாட்டத்தின் முன் உட்கார வைத்தாள். வானம் திடீரென்று கறுத்தது. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓடினாள். துணிகளை வாரிக்கொண்டு இறங்கும்போது கீழ்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத கதையை ஆரம்பித்தாள். வந்துடறேன், வந்துடறேன் என்று சொல்லிச் சொல்லியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

உள்ளே வந்தால், அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு தெளிவு. திரையில் சீட்டாட்டம் இல்லை. கட்டம் கட்டமாக நர்ஸுகளின் டூட்டி. சுருக்கிக் கீழே தள்ளி வைத்ததை அவர் கை எப்படியோ தொட்டிருக்கிறது.

துணி மொத்தமும் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"வா பாப்பா. யாரு இந்த டூட்டியைப் போட்டது? ரெண்டு எடத்துல தப்பு. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து ரெண்டு லாங் ட்ரிப் போட்டிருக்கான். ஆளு செத்துடுவான்ல? மாத்திட்டேன்."

"எதைப்பா மாத்தினீங்க? எந்தக் கட்டம்?"

"எந்தக் கட்டம்னா? தப்பா இருந்த கட்டம்."

"அப்பா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. மேலயா, கீழயா? சிவப்பா, நீலமா?"

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மகள் என்பது போய்விட்டது, டிப்போ வந்துவிட்டது. "டூட்டி போட்டாச்சுன்னா போட்டாச்சு. எதிர்க்கேள்வி கேக்கறதா இருந்தா லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

அவள் அவரை மெதுவாக எழுப்பிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள். காலையில் தன் கையால் அடுக்கிய கட்டங்கள்தான். ஆனால் பயந்துபோன மனதுக்குத் தெரிந்த முகமும் அந்நிய முகமாகத் தெரியுமே, அப்படி எல்லாக் கட்டமும் சந்தேகமாகத் தெரிந்தது. இது இங்கேதான் இருந்ததா? இவருக்கு நேற்று ஊசியா, இன்றைக்கா? மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

போனை எடுத்துக்கொண்டு படிக்குப் போனாள். அப்பாவையும் கையைப் பிடித்துக் கூடவே கூட்டிப்போய்ப் படியில் உட்கார வைத்தாள். புயலைக் கூப்பிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அந்த நர்ஸுக்கு வந்த பெயர் அது.

"புயலு, உனக்கு அடுத்து எந்த வீடு?"

"என்னக்கா இது, நீங்களே டூட்டி போட்டுட்டு என்னையே கேக்கறீங்க? முறிஞ்ச கால்காரருக்குக் கட்டு மாத்தணும்னு போயிட்டிருந்தேன். பாதி வழியில மணி அடிச்சு, அவரைச் சாயங்காலம் வேற சிஸ்டருக்கு மாத்தியாச்சுன்னு வந்துச்சு. நிம்மதியா டீக்கடையில ஒதுங்கியிருக்கேன். ஏன், அதுக்கும் உலை வைக்கப் போறீங்களா?"

"நீயே போ. இப்பவே போ."

"மழைக்கா!"

"போடீ!"

ஒன்று கிடைத்தது. இரண்டு என்று சொன்னாரே, அந்த இன்னொன்று எது? அப்பா சொன்னது நிஜமாகவே இரண்டுதானா? ஒன்றாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். நர்ஸுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கலாம். பாதிப் பேர் நோயாளி வீட்டுக்குள் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்பது தெரியாது.

கம்ப்யூட்டர்காரத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கட்டத்தை யாராவது நகர்த்தியிருந்தா, எதை நகர்த்தினாங்கன்னு தெரியுமா?"

"எல்லாம் பதிவாகும்க்கா. ஆனா அதைத் திறந்து பார்க்கற அதிகாரம் பெரிய சிஸ்டருக்குத்தான். ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"சும்மாதான் கேட்டேன் தம்பி" என்றாள். அந்தக் குரலிலேயே பையனுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கை தவறிடுச்சுன்னு சொல்லுங்கக்கா. எல்லாருக்கும் நடக்கறதுதான். வேற எதையும் வாயை விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா வீட்டுக் கம்ப்யூட்டரை அன்னிக்கே வெட்டிடுவாங்க. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

படியில் உட்கார்ந்திருந்த அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு இரண்டும் கால் மாறியிருந்தன. அவள் குனிந்து மாற்றிப் போட்டுவிட்டாள். பிறகு நர்ஸுகளுக்கும் அவளுக்கும் மேலதிகாரியான பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், என் கை தவறிடுச்சு. ரெண்டு கட்டம் இடம் மாறிப்போச்சு. ஒண்ணைக் கண்டுபிடிச்சுச் சரிபண்ணிட்டேன். இன்னொண்ணு தெரியல. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

பெரிய சிஸ்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. இரு என்றார். அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. இவளுக்குத் தன் மூச்சே சத்தமாகக் கேட்டது.

"கண்ணு தெரியாத அம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடற சர்க்கரை ஊசி. அதை நாளைக்கு மாத்தியிருக்கு."

தனியாக இருக்கிற பெண்மணி அவர். பார்வை முக்கால்வாசி போய்விட்டதால் ஊசியில் மருந்தின் அளவு பார்க்க முடியாது. நர்ஸ் வந்து போட்ட பிறகுதான் சாப்பிடுவார். தட்டில் சாப்பாட்டை வைத்து மூடிவிட்டுக் காத்திருப்பார். நர்ஸுக்கு என்ன தலைபோகிற வேலையோ, தொந்தரவு செய்யக் கூடாது என்று போனும் செய்ய மாட்டார். ஊசியும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் மயக்கம் போட்டு விழுந்தாலும், கதவைத் தட்ட ஆள் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"புயல் பக்கத்துலதான் இருக்கா சிஸ்டர், நான்..."

"கட்டத்தை நகர்த்திட்டேன், அவ போனுக்கு மணி போயிருக்கும். முதல்ல அங்க போவா. கால்கட்டு காத்திருக்கும். நீ போனை வைக்காதே." மறுபடி மவுஸைச் சொடுக்கினார். "ரெண்டு மாத்தமும் உன்னோட சாப்பாட்டு இடைவேளையில நடந்திருக்கு. அந்த நேரத்துல உன் கை எப்படிம்மா தவறும்?"

இப்படிக் கேட்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாளைக்கு மறுபடி அந்த நாற்காலியில் அப்பாவைச் சீட்டாட்டத்தோடு உட்கார வைக்க வேண்டுமே. அப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் இதே நடுக்கம்தான். கண் தெரியாத அம்மாவின் மூடி வைத்த தட்டு கண்முன்னால் வந்து நின்றது.

"என் கை இல்ல சிஸ்டர். எங்கப்பா. நான் பூட்டாம எழுந்து போயிட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல, தினமும் பூட்டறதில்ல."

அப்பா அவள் முழங்கையைத் தட்டி, "யாரு பாப்பா, டிப்போ மேனேஜரா? நான் சரியாத்தான் போட்டேன்னு சொல்லு" என்றார். அது போனில் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

அதற்குள் அந்தப் பக்கம் இன்னொரு போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும், புயலின் குரல் இவளுக்கே கேட்டது. "கதவைத் திறந்துட்டாங்க சிஸ்டர். முகம் வெளுத்திருக்கு, கை சில்லுன்னு இருக்கு. சர்க்கரையைப் பார்த்துட்டு என்ன செய்யணுமோ செய்றேன். ஆனா பேசறாங்க. இவ்வளவு நேரமா வர்றதுக்குன்னு என்னைக் கிழி கிழின்னு கிழிக்கிறாங்க. அவ்வளவு தெம்பு இருக்கு."

அப்போதுதான் அவள் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னியோட உன் வீட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்றேன்" என்றார் பெரிய சிஸ்டர். "நாளைக்கு ஆபீஸ் வா."

"வர முடியாது சிஸ்டர்."

"என்ன?"

"எங்கப்பாவை எங்க விட்டுட்டு வர? நான் செஞ்சது தப்பு. அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா வேலையையும் விட மாட்டேன், அவரையும் விட மாட்டேன். என்ன செஞ்சா இந்தக் கம்ப்யூட்டரை மறுபடி குடுப்பீங்கன்னு சொல்லுங்க. செய்யறேன்."

பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். அவள் அப்படித்தான். அழுதுகொண்டே அடம்பிடிக்கிற ஜாதி.

மூன்றாம் நாள் பெரிய சிஸ்டரே அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கூடத்தையும், வாசல் கதவையும், கட்டிலையும், ஒட்டினாற்போல இருந்த ஒரே ஒரு சின்ன அறையையும் நடந்து பார்த்தார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேட்டா வந்தா டூட்டி கிடையாது" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. டிராபிக்" என்றார் பெரிய சிஸ்டர், முகம் மாறாமல்.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கடைசியில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கக் கூடாது. சின்ன அறைக்குள் போக வேண்டும். வேலை நேரத்தில் உள்ளே தாழ்ப்பாள். எழுந்தால் பூட்டு, ஒரு நிமிடமானாலும் பூட்டு. நம்பருக்குப் படிக்கு ஓட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நம்பர் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை ஆபீஸே கொடுக்கும். அப்பாவின் சீட்டாட்டத்துக்குத் தனியாக ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டியது. இன்னொரு தடவை ஆனால் பேச்சே இல்லை.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அவர்கள் போன பிறகுதான் அறைக் கதவை மூடி, உள்ளே நின்று பார்த்தாள். கனமான மரக் கதவு. மூடினால் கூடம் தெரியாது. அப்பாவுக்காக வீட்டில் இருக்கிறாள். இருந்துகொண்டே அப்பாவைப் பார்க்க முடியாது. இதென்ன கூத்து!

மறுநாள் காலை தச்சரை வரவழைத்தாள். கதவின் நடுவில் முகம் தெரியும் அளவுக்கு அறுத்துக் கண்ணாடி பதிக்கச் சொன்னாள்.

"நல்ல கதவைக் கெடுக்கறீங்களேம்மா. மனசே வரல" என்றார் தச்சர்.

"உங்களுக்கு மனசு வர வேண்டாம். ரம்பம் வந்தா போதும்."

திரையைக் கதவுக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைத்தாள். அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு எழுத்தும் தெரியவில்லை என்று அவன் வாயால் சொல்ல வைத்தாள். அப்புறம்தான் வேலை ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு நேரே கூடத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி. கையில் நிஜமான சீட்டுக்கட்டு.

நாட்கள் ஓடுகின்றன. ஓடுகின்றன என்று சொல்வது சுலபம். ஒரு கட்டத்தை இழுத்து வைப்பாள், தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்ப்பாள். நாற்காலியில் ஆள் இருக்கிறதா? இருக்கிறது. அடுத்த கட்டம். மறுபடி கண்ணாடி. கழுத்து வலி வந்துவிட்டது. அப்பா சில நேரம் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்ப்பார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொல்வாள். சில நேரம் உட்காருவார்.

நேற்று ஒரு தடவை தலையைத் தூக்கினாள். நாற்காலி காலி. சீட்டுகள் தரையில் கிடந்தன. கால் ஓடத் துடித்தது. உடம்பு பாதி எழுந்தும்விட்டது. ஆனால் கை அப்படியே நின்றது. முதலில் பூட்டு. விசைகளைத் தேடிய விரல் தவறி வேறெதையோ அழுத்தியது. மறுபடி அழுத்தினாள். திரை கறுக்கும்வரை காத்து நின்றாள். கறுத்தது. அதன் பிறகுதான் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

அப்பா கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, விழுந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே இருந்ததால் தெரியவில்லை.

"என்ன பாப்பா, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கொடுத்த சீட்டுகளை வாங்கி அடுக்கினாள். உள்ளே கம்ப்யூட்டரில் ஆபீஸிலிருந்து அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடியை எவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்று, கதவின் மேல் விரலால் அளந்துகொண்டே எழுந்தாள்.